டூப்ளிகேட் கேசட்டும் ஆடி மாதத்து மாப்பிள்ளையும்

மண்ணரை, திருப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி சீனியம்மாள் மதினி அவர்களுக்கு, விஜயராணி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் உங்கள் மருமகள் ஆஷாவும் நலம். சாத்தூரில் நீங்களும் ராஜபாண்டி அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்றும், அண்ணனுக்கு முழங்கால் வலி பாதியாகக் குறைந்திருக்கும் என்றும், உங்களுக்கு என் மேல் உள்ள கோபமும் அதே அளவுக்குக் குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

நேற்று போனில், "ஒரு நாள் விருந்துக்கு அனுப்புன பையன ஒரு வாரமா வச்சிருக்கீங்களே, ஆடி மாசம்னு நெனப்பு இருக்கா இல்லையா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "நீங்க பேசுனா நான் சரி சரின்னு ஒத்துக்கிட்டே போயிருவேன். எதா இருந்தாலும் எழுதி அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அனுப்புகிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். நீங்கள் கேட்டது நியாயம்தான். எங்கள் பனியன் கம்பெனியிலும் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வண்டி ஏறும். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துவந்தால் மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அருண்பாண்டி மாப்பிள்ளை மாடி ரூமில்தான் படுத்தார். ஆஷா கீழே என் பக்கத்தில் படுத்தாள். மாடிப்படிக்குக் குறுக்கே என் வீட்டுக்காரர் கட்டிலைப் போட்டுக்கொண்டார். அவருடைய குறட்டையைத் தாண்டி யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. மாப்பிள்ளை தங்கியது ஆஷாவுக்காக இல்லை. முழுக்க முழுக்க என்னால்தான்.

அதைக் கேட்டு நீங்கள் இன்னும் பதறிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். விருந்தன்று மாப்பிள்ளை கறிக்குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கூடத்து மூலையில் உட்கார்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு வீடியோ கேம் மிஷினை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் அதுவரை நேரடிப் பேச்சே கிடையாது. "ஆஷா, அவுகளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பேன், "ஆஷா, போதும்னு சொல்லு" என்பார், நடுவில் ஆஷா கைபேசிக் கோபுரம் போல நிற்பாள். அந்த மிஷினுக்குள் செருகுகிற கேசட் ஒன்று உங்கள் வீட்டில் பிரசித்தமாமே? பென்குயின் ஒன்று கப்பல் ஓட்டுகிற விளையாட்டு. மாப்பிள்ளை எட்டாவது படிக்கும்போது ராஜபாண்டி அண்ணன் மதுரைக்குப் போய், ஒரிஜினல்தான் வேண்டும் என்று தேடிப் பிடித்து வாங்கிவந்தது. அதனுடைய இரண்டாம் பாகத்தை மாப்பிள்ளை இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். விருந்து முடிந்து பஸ் டிக்கெட் போடப் போனில் கைவைத்தவர் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டுவிட்டது. இரண்டாம் பாகம், பழசு, விற்பனைக்கு, இடம் திருப்பூர். "ஆஷா, அவினாசி ரோடு எந்தப் பக்கம்னு அத்தைகிட்டக் கேளு. டூப்ளிகேட்டா இருந்தா மட்டும் வாங்க மாட்டேன்" என்றார்.

டூப்ளிகேட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு டியூப் லைட் எரிந்தது மதினி. நான் செக்கிங் இன்சார்ஜ். ஒரு டீசர்ட்டின் கழுத்து லேபிளைத் தடவிப் பார்த்தே அது எந்தப் பிரின்டிங்கில் அடித்தது என்று சொல்லிவிடுவேன். என் கண்ணைத் தாண்டிப் போன குறை சரக்கு இதுவரை கிடையாது, இனியும் கிடையாது. "ஆஷா, நானும் வரேன்னு சொல்லு" என்றேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் கடை மூடிவிடும். ஆகவே என்னுடைய மொபெட்டில் மாப்பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். மாமியார் ஓட்ட மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து போனதை மண்ணரையே வாசலுக்கு வந்து பார்த்தது. அதைத்தான் யாரோ உங்கள் காதில் வேறு மாதிரிப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை கடைசிவரை பின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார், மரியாதைக்குக் குறைவில்லை.

கடைக்காரர் பெயர் செந்தில்வேல். பழைய செல்போன், பழைய கேம் மிஷின் வாங்கி விற்பவர். இந்தப் பக்கத்துக்காரர், பேச்செல்லாம் வாங்க போங்கதான். கேசட்டைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். நான் மாப்பிள்ளையிடமிருந்து அண்ணன் வாங்கித்தந்த முதல் பாகத்தை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்கு அப்ரூவ்டு சாம்பிள் என்று பெயர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் சரி என்று முத்திரை வைத்த உருப்படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். எங்கள் சாம்பிளின் ஸ்டிக்கர் கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பளபளவென்று இருந்தது, கடைக்காரருடையது மங்கல். எங்களுடைய ஸ்டிக்கர் வழுவழுப்பு, அவருடையதில் ஏதோ இரண்டு எண் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது, சுத்தமான டேமேஜ். எங்களுடையதன் பின்னால் நல்ல பிளஸ் ஸ்க்ரூ, அவருடையதில் மூன்று கிளையோடு பிளஸ்ஸும் இல்லாமல் மைனஸும் இல்லாமல் ஒரு ஸ்க்ரூ.

"மொத்தமும் ரிஜெக்ட்" என்றேன். கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏனுங்கம்மா, நல்லாப் பாருங்க. இது ஒரிஜினலுங்க" என்றார் செந்தில்வேல்.

"என்கிட்டயே ஒரிஜினல் சொல்றீங்களா? சாம்பிள் என் கையில இருக்கு."

"அந்தச் சாம்பிளக் கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரனுங்க."

"சாம்பிள வெளியாள் கையில குடுக்குற பழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டேன். அங்கே கேம் மிஷின் வாங்க வந்திருந்த ஒரு தம்பதி, அடுத்து வந்த இரண்டு காலேஜ் பையன்கள், எல்லோரும் என் பேச்சைக் கேட்டுக் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பையன் என்னைப் போனில் படம் வேறு எடுத்துப் போட்டுவிட்டானாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை முகம் மட்டும் வாடியிருந்தது. "ஆஷா, அவுகள வருத்தப்பட வேண்டாம்னு சொல்லு" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அங்கே ஆஷா இல்லை.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப இருந்தார். அந்த நேரத்தில் செந்தில்வேலே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். மாப்பிள்ளை விளம்பரத்துக்குப் போன் பேசிய நம்பரை வைத்து விசாரித்து வந்திருக்கிறார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. "அம்மா, நீங்க பேசுனது ஊரெல்லாம் சுத்துதுங்க. நேத்துச் சாயங்காலத்துல இருந்து கடைக்கு ஒருத்தரும் வரலீங்க. எங்கூட்ல பொண்டாட்டியே கேக்கறா, நெசமாவே டூப்ளிகேட் விக்கறீங்களான்னு. ரெண்டையும் தொறந்து பாத்துருவோமுங்க. என்னுது தப்பா இருந்தா நானே கடைய மூடிக்கறேன்" என்றார். மடியிலேயே அந்த மூன்று கிளை ஸ்க்ரூவுக்கான திருப்புளியும் கொண்டுவந்திருந்தார். "தாராளமா" என்றேன். எனக்கென்ன பயம்?

அவருடைய கேசட்டை முதலில் திறந்தார். உள்ளே பச்சைப் பலகை, அதில் கம்பெனிப் பெயர் பொடி எழுத்தில் துல்லியமாக அச்சாகியிருந்தது, சதுரச் சதுரமாகச் சில்லுகள், ஒரு குட்டி பேட்டரி, வரிசை பிசகாத தங்கப்பல். எங்களுடையதைத் திறந்தார். பேரில்லை, பேட்டரியில்லை, பலகை நடுவில் கறுப்பாக ஒரு சொட்டுத் தார் உறைந்தது மாதிரி ஒன்றே ஒன்று. செந்தில்வேல்தான் விளக்கினார். லேபிளில் எண் அழுந்தியிருப்பதுதான் ஒரிஜினலுக்கு அடையாளமாம், அந்த விசித்திர ஸ்க்ரூவும் அப்படித்தானாம், தார்ச்சொட்டுதான் டூப்ளிகேட்டுக்கு அடையாளமாம். பிறகு மெதுவாகக் கேட்டார், "ஏனுங்க தம்பி, இதுல வெளாட்டு எங்க விட்டமோ அங்கிருந்து ஆரம்பிக்குமுங்களா?"

மாப்பிள்ளை, "இல்லையே, அணைச்சா மொதல்ல இருந்துதான். அந்த கேமே அப்படித்தான?" என்றார்.

மதினி, உங்கள் மகன் இத்தனை வருடமாக அந்தப் பென்குயினை ஒவ்வொரு தடவையும் முதல் துறைமுகத்திலிருந்தே கிளப்பியிருக்கிறார். பேட்டரி இல்லாததால் அது எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கடைசித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டாராம். அணைத்தால் எல்லாம் போய்விடும் என்று சார்ஜரில் போட்டே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். நீங்கள் கரன்ட் பில் ஏறுகிறது என்று சுவிட்சை அணைத்துவிட்டீர்களாம். அன்று அவர் ஏன் சாப்பிடாமல் படுத்தார் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

அவர் அந்தத் தார்ச்சொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஆஷாவை நடுவில் வைக்காமல் என்னையே பார்த்து, "அத்தை, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

ஆனால் நான் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. என் செக்கிங்கில் தவறே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்று நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாம்பிள்தான் தப்பு. சாம்பிள் தப்பென்றால் எங்கள் தொழிலில் செய்வது ஒன்றுதான், சரக்கு முழுவதையும் மறுபடி பார்ப்பது. "உங்க கடைச் சரக்கு பூராத்தையும் நானே பாத்துத் தரேன்" என்று செந்தில்வேலிடம் சொன்னேன். "ஐயோ வேண்டாமுங்க" என்று அவர் பின்னால் நகர்ந்தார். விடவில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவர் கடை வாசலிலேயே, எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசை போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை சாம்பிள், அவர் திறந்து காட்டிய அந்த ஒரிஜினல். நூல் எண்ணுகிற லென்ஸை வைத்து லேபிளையும் எழுத்தையும் நான் பார்ப்பேன். மாப்பிள்ளை மிஷினில் செருகி, கொஞ்சம் ஆடி, சேமித்து, அணைத்து, மறுபடி போட்டு நினைவிருக்கிறதா என்று பார்ப்பார். அவர் இல்லாமல் எனக்கு அந்த வேலை நடக்காது. அதனால்தான் மதினி அவர் தங்கினார். தேறாத சில கேசட்டுகளைச் செந்தில்வேலே கண்டுபிடிக்காமல் வைத்திருந்தார், அவற்றை எடுத்துத் தனியாக வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. முதல் நாள் நகர்ந்துபோன தம்பதி திரும்பி வந்து, நான் கைவைத்துத் தந்ததைத்தான் வாங்குவோம் என்று நின்றார்கள். இப்போது அந்தக் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் செந்தில்வேல் அந்த இரண்டாம் பாகத்தைக் காகிதத்தில் சுற்றி மாப்பிள்ளை கையில் வைத்து, "மாமியாரக் கூட்டீட்டு மட்டும் இனி எந்தக் கடைக்கும் போயராதீங்க தம்பி" என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். மாப்பிள்ளை மொபெட்டில் வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நாளைக் காலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுகிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முதல் பாகத்தைப் பழையபடி மூடித் தந்திருக்கிறோம், அது ராஜபாண்டி அண்ணன் ஆசையாக, ஒரிஜினல் என்று நம்பி வாங்கியது. அவர் காதுக்கு இந்த விஷயம் போகவே கூடாது. உங்களையும் என்னையும் மாப்பிள்ளையையும் ஆஷாவையும் செந்தில்வேலையும் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டேன். எழுத்தில் தருகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கமும், உங்களுக்கு என் அன்பும். பிள்ளைகள் இருவரும் ஆவணி பிறந்ததும் ஒன்றாய் உங்கள் வீட்டில் சிரித்து வாழ, எங்கள் குலதெய்வமும் உங்கள் குலதெய்வமும் சண்டையில்லாமல் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் குணத்தை நம்பியிருக்கும்
ரா. விஜயராணி

பின்குறிப்பு: இதை எழுதி வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர், தபாலில் போனால் நாளாகும், மதினி கவலையில் இருப்பார்களே என்று நல்லது நினைத்து, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். உங்களிடம் இருப்பது பட்டன் போன் என்பதால் அண்ணன் நம்பருக்கு. நான் ஓடிவந்து பார்த்தபோது நீல டிக் விழுந்துவிட்டது. காபி ஆறுவதற்குள் அண்ணன் குரலில் பதில் வந்தது. ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்: "தங்கச்சி, அது டூப்ளிகேட்னு எனக்கு வாங்கும்போதே தெரியும்மா. கடைக்காரனே சொல்லித்தான் குடுத்தான். உங்க மதினிதான் ஒரிஜினல்னு நம்பித் தெரு பூராச் சொல்லிட்டா. இப்பத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவா. அந்த லெட்டர மட்டும் தபால்ல போட்டுறாத." போடமாட்டேன் அண்ணே என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் எழுதி அனுப்புகிறேன் என்று உங்களுக்குக் கொடுத்த வாக்கு அதற்கு முந்தியது. ஆகவே மதினி, இதைப் படித்து முடித்ததும், நீங்கள் இதைப் படிக்கவில்லை.