ஜோடி நடைக்கு முந்தின வாரம்

"மாடியில கண்ணாடியை வச்சுட்டு வந்துட்டேங்க. கொஞ்சம் எடுத்துட்டு வந்துடுங்களேன்."

மனைவி சொன்னதும் தையல்காரர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். கடைக்கு மேலேதான் வீடு. நடுவில் இருப்பதோ செங்குத்தான படிக்கட்டு. இரண்டு நாள் முன்பு இஸ்திரிப் பெட்டி விழுந்து அவருடைய வலது பாதம் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. இது மனைவிக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

காரணம், போன வருஷக் கதை. வருஷத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க நடக்கும் ஜோடி நடை. கணவனும் மனைவியும் சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்தால் இருவருமே அவுட். நம்மாள் பாதி வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். வாசலிலேயே அவள் ஒன்றுதான் சொன்னாள்: "உங்களை நம்பி இனிமே தெருமுனை வரைக்கும்கூட வரமாட்டேன்."

கெஞ்சிக் கூத்தாடி இந்த வருஷம் சம்மதிக்க வைத்திருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை நடை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினார். கண்ணாடி வந்தது.

"அப்படியே பட்டன் டப்பாவும்..."

"அதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"நடக்கப் போறவருக்குப் படி ஏறினா நல்லதுதானே?" மடி நிறைய துணியைக் குவித்துக்கொண்டு பட்டன் தைத்தவள் நிமிரவே இல்லை.

சரிதான், மோப்பம் பிடித்துவிட்டாள், சோதிக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது.

லைனிங் துணியைக் காலில் சுற்றி ஷூவுக்குள் திணித்தார்.

"என்ன, கடைக்குள்ளயே ஷூ?"

"பழகணும்ல?"

"பழகுங்க, பழகுங்க. அப்படியே மேல போய் அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துடுங்க."

அணைந்துதான் இருந்தது. பாவி மனுஷி!

மறுநாள் அவசர வேலை என்று மிஷினை விட்டு எழுந்திருக்கவே மறுத்தார். இடது காலால் மட்டுமே மிதித்ததில், சாயங்காலத்துக்குள் அதுவும் குதிகாலிலிருந்து தொடைவரை பிடித்துக்கொண்டது. இப்போது நொண்டுவதற்குக்கூட ஒரு நல்ல கால் இல்லை.

சனிக்கிழமை காலை, குடை எடுத்துவர அவரை மாடிக்கு விரட்டினாள். அவர் இறங்கி வருவதற்குள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவைப் பாத்துட்டு வந்துடறேன்!"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு எலும்பு டாக்டரிடம் விரைந்தார்; அதாவது, ஊர்ந்தார். ஒரு ஊசி போட்டால் நாளை ஒருநாள் தாங்காதா?

ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மடக்கிவிட்டாள்! அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவளும் பேயறைந்த மாதிரிதான் பார்த்தாள்.

"நீங்க... இங்க எப்படி?"

"போதும்மா, நடிக்காத. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே." ஷூவைக் கழற்றிக் காட்டினார். "கால் போச்சு. நாளைக்கு என்னால முடியாது. இந்தத் தடவையும் உன்னை ஏமாத்திட்டேன். எவ்வளவு வேணா திட்டு. இனிமே கூட வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

ஆனால் அவள் திட்டவில்லை. தலை குனிந்துகொண்டாள். அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"வாங்கக்கா, உங்க கால் கட்டைப் பிரிச்சுப் பாத்துடலாம். நான் சொன்ன மாதிரி, இடத்தை விட்டு அசையாம, எல்லாத்துக்கும் வீட்டுக்காரரையே ஏவினீங்கதானே?"