பஸ்ல போன மல்லியும் கப்பே வாங்காத டீமும்

ஏலே சகாயம், மொதல்ல ஒண்ணத் திருத்திக்க. நான் பூவத் தொலைக்கல. பஸ்ல வச்சிட்டு எறங்கிட்டேன். ரெண்டும் வேற.

போன பதிவுக்குக் கீழ பின்னூட்டம் போட்டிருக்க பாரு, "தோக்குற டீம் பின்னாடி திரிஞ்சு அக்கா நிச்சயதார்த்தத்தையே கெடுத்தவன்"னு. என் கூடப் படிக்கிறவன், ஒரே தெருக்காரன், இப்படியா எழுதுவ? நடந்தத நானே சொல்றேன். படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்.

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். நிலக்கோட்டை சந்தைக்குப் போயி நாலு கிலோ உதிரி மல்லி வாங்கிட்டு வரணும்.

"பதினோரு மணிக்குப் பூ வீட்ல இருக்கணும். சித்திங்க கட்டணும். மூணு மணிக்கு மாப்ள வீட்டுக்காரங்க வந்துருவாங்க. எவன்ட்டயும் வாயக் குடுக்காத"ன்னு அம்மா சொல்லித்தான் அனுப்புச்சு.

கடைசி வரியத் தவிர எல்லாத்தையும் கேட்டேன்.

பூ வாங்கியாச்சு. சாக்குல கட்டியாச்சு. ஊருக்குத் திரும்புற திண்டுக்கல் பஸ்ல டிரைவருக்குப் பின்னால மத்த பூ மூட்டைங்களோட வச்சாச்சு. எனக்குப் பின் சீட்டுல எடம் கெடச்சிச்சு. பக்கத்துல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அண்ணன்.

"விசேஷமா தம்பி?"

"அக்காவுக்கு நிச்சயம்ணே. அத முடிச்சிட்டு அஞ்சு மணிக்கு வாலிபால் மேட்ச் பாக்கப் போகணும்."

டீம் பேரக் கேட்டாரு. எங்க தெரு டீமுன்னு சொன்னேன். சிரிச்சாரு பாருங்க, முன் சீட்டுக்காரரு திரும்பிப் பாத்தாரு.

"அவுங்கதான் நாலு மேட்சும் தோத்தாச்சே. கப்புக்கு வாய்ப்பே இல்ல. இன்னைக்கு என்னத்தப் பாக்கப் போற?"

"கப்பத்தான் பாக்கணும்னா பாத்திரக் கடைக்குப் போங்கண்ணே."

"ஒரு செட்டாவது எடுத்தீகளா?"

"எடுத்தோம். ஒண்ணு."

"எப்படி?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன். "எதிர் டீம் ஆளு ஒருத்தரு பாதி மேட்ச்ல கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு. அஞ்சு பேரா ஆடுனாங்க."

பஸ்ஸே சிரிச்சிச்சு. கண்டக்டரு டிக்கெட் கிழிக்கிறத நிறுத்திட்டுச் சிரிச்சாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"ஏண்ணே, உங்க பிள்ள பத்தாவதுல பெயிலாயிட்டா, பக்கத்து வீட்ல பாஸான பிள்ளைக்குப் போயி சட்டை எடுத்துக் குடுப்பீகளா?"

அவரு சிரிப்ப நிறுத்துனாரு.

"எம் பிள்ள பெயிலாத்தான் ஆயிருக்கான்"னாரு.

சின்னாளபட்டி வந்துச்சு. அவரு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எறங்குனாரு. நானும் பின்னாடியே எறங்குனேன். மன்னிப்புக் கேக்க எறங்குனேன்னுதான் வீட்ல சொல்லியிருக்கேன். பொய். எனக்கு இன்னும் ரெண்டு பாயிண்டு சொல்ல பாக்கி இருந்துச்சு.

மொத பாயிண்டு பாதியில அவரே கேட்டாரு.

"அது சரி தம்பி, உன் பூ?"

திரும்பிப் பாத்தா பஸ்ஸோட பின் கண்ணாடி மட்டும் சின்னதாத் தெரியுது. ரெண்டு பேரும் ஓடுனோம். அந்த மனுசன் என்ன விட வேகமா ஓடுனாரு, அதையும் சொல்லணும். பஸ்சு நிக்கல.

அடுத்த பஸ்சப் புடிச்சு திண்டுக்கல் வந்து சேந்தப்ப பதினொன்றரை. நல்லவேளை, மொத பஸ் கண்டக்டரு டீ குடிச்சிக்கிட்டு நின்னாரு.

"என் மூட்டை எங்கண்ணே?"

"பூக்கடைக்காரங்க எறக்கிட்டுப் போயிட்டாங்களே. நம்ம பக்கம் பூ மட்டுந்தானப்பா வரும், கூட எவன் வாரான்? மூட்டை மேல கடைப் பேரு இருந்தா அந்தக் கடைக்கு. பேரில்லைன்னா வழக்கமா எடுக்குற அக்கா எடுத்துக்கும்."

"நான் கூட வந்தேனேண்ணே."

"சின்னாளபட்டி வரைக்குந்தான வந்த."

எதுத்துப் பேசாம அந்தக் கடை எங்கன்னு மட்டும் கேட்டேன். வாழ்க்கையில மொத தடவ.

அந்த அக்கா கடைக்கு ஓடுனேன். என் சாக்கு காலியாக் கெடக்கு. நாலு பேரு உக்காந்து ஊசியும் நூலுமா கோத்து, அஞ்சு மாலைய முடிச்சுத் தொங்க விட்டாச்சு. ஆறாவது ஓடிக்கிட்டிருக்கு. ஒவ்வொரு மாலையிலயும் வெள்ளி ஜிகினா.

"யாருக்குக்கா இது?"

"வாலிபால்ல கப்பு வாங்குறாங்கள்ல, அவுங்களுக்கு. ஆறு பேரு, ஆறு மாலை."

எங்கள நேர் செட்டுல அடிச்ச டீமு. அவனுங்க கழுத்துக்கு எங்கக்கா நிச்சயதார்த்தப் பூவு. அங்கயே நடு ரோட்டுல உக்காந்துட்டேன்.

கதையச் சொன்னேன். அந்த அக்கா நல்ல மனுசி. "மாலையாவே எடுத்துட்டுப் போ. அவுங்களுக்கு நான் செவந்தியில கட்டிக்கிறேன். ஆமா, நீ எந்த டீமு?"

சொன்னேன்.

அந்த அக்கா ஆறாவது மாலைய முடிச்சுப் போட்டுச்சு. "அவுங்களுக்கு நாங்க மாலையே கட்டுனதில்லையேப்பா."

சாக்குல திணிச்சா பூ நசுங்கிரும், கழுத்துல போட்டுக்கன்னு அதுவே போட்டும் விட்டுச்சு. ஆறு மாலை. கண்ணு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சிச்சு.

நம்ம தெருவுக்குள்ள நுழையிறேன். மளிகைக்கடை மாமா ஓடியாந்தாரு.

"ஏலே, ஜெயிச்சிட்டமா?"

"மாமா, மேட்ச்சு சாயங்காலந்தான்."

அவரு காதுல விழுகல. யாரோ சரவெடிய வேற பத்த வச்சிட்டாங்க. நம்ம டீம் கேப்டனே கைலியோட வெளிய வந்து, "யார்டா ஜெயிச்சது?"ன்னு கேட்டான்.

வீட்ல மூணு சித்தியும் வாழைநாரை நனைச்சு வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரமாக் காத்திருக்காங்க. அம்மா என்னப் பாத்துட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு. அக்கா பட்டுச்சேல கட்டி, சடை பின்னி, தலையில ஒத்தப் பூவு இல்லாம உக்காந்திருந்துச்சு.

அழுதிருந்தாக்கூட தேவல. "அம்புட்டும் அந்த டீமுக்காகவாடா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

பிளேடு எடுத்து மாலைய அறுக்க ஆரம்பிச்சேன். நான் உதுத்துக் குடுக்க, சித்திங்க கட்ட, மாப்ள வீட்டு வேன் தெருவுல திரும்புறப்பதான் கடைசிச் சரம் முடிஞ்சிச்சு. ஜிகினாவ எடுக்க நேரமே இல்ல. அக்கா தலையிலருந்து வந்த பொம்பளையாளுக தலை வரைக்கும் மினுமினுன்னு மின்னுது.

மாப்ளயோட அம்மா அக்கா சடையத் தொட்டுப் பாத்தாங்க. நான் சித்திக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன்.

"நல்லாருக்கே. எங்க சொல்லிக் கட்டுனீங்க? கல்யாணத்துக்கும் இதையே சொல்லிருங்க."

அக்கா அப்பத்தான் சிரிச்சிச்சு. தட்டு மாத்தி முடிஞ்சதும் என்னக் கூப்ட்டு, "மணி நாலே முக்கா. போய்த் தொல"ன்னுச்சு.

ஆக, நிச்சயதார்த்தம் கெடல. எழுதி வச்சுக்க.

கிரவுண்டுக்குப் போனேன். கப்பு வாங்குன டீமு மேட்ச்சு நாலு மணிக்கே முடிஞ்சு, செவந்தி மாலையப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. கூட்டமும் அவுங்க பின்னாடியே போயிருச்சு. நாம ஆடுனோம். மூணாவது செட்டு வரைக்கும் இழுத்துத் தோத்தோம். பாத்தது நான், மளிகைக்கடை மாமா, நெட்டு கட்ட வந்த பெரியவரு.

அப்புறம் சைக்கிள் ஸ்டாண்டு செவுத்துக்குப் பின்னால, தலையில துண்டப் போட்டுக்கிட்டு, ரெண்டாவது செட்ட நாம எடுத்தப்ப தன்ன மறந்து விசிலடிச்ச ஒரு ஆளு.

சகாயம், அந்தத் துண்டு யாரோடது? தனி மெயில்ல சொல்ற வேலையெல்லாம் வேணாம், இங்கயே கீழ வந்து எல்லாருக்கும் தெரிய எழுது.