காதால் கார் பார்ப்பவர்

கையில் ஒரு சொட்டு கிரீஸ் படாமல் கார் ரிப்பேர் செய்யும் இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெருவில் எங்கே ஒரு பானெட் திறந்தாலும் சொல்லி அனுப்பியதுபோல வந்து நிற்பார்கள். ஸ்பேனர் கிடையாது, டார்ச் கிடையாது. கருவி என்றால் தலையின் இரு பக்கமும் முளைத்திருக்கும் அந்த இரண்டு மட்டும்தான். காது மெக்கானிக்குகள்.

இவர்களில் மூத்தவர் ஒருவர் சித்தப்பாவாக வாய்த்தது ஒரு நர்ஸின் யோகம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கார் லைசென்ஸோடு சேர வேண்டும். இன்று வெள்ளி. பதினொரு மணிக்கு டெஸ்ட். போன தடவை மேட்டில் நிறுத்தச் சொன்னபோது எஞ்சின் அணைந்துபோய், அதிகாரி பேப்பரில் ஒரு கோடு கிழித்துவிட்டார். வண்டியும் கிழடு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆக்சிலேட்டரை விட்டு நின்ற இடத்தில் ஓடவிட்டால்தான் குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கி, இரண்டு தடவை இருமி, அடங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாமே என்கிறீர்களா? அவளும் அதைத்தான் சொன்னாள்.

"நான் இருக்கும்போது மெக்கானிக்கா?" சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

ஆயுள் முழுக்க நூலகத்தில் 'உஷ்' சொல்லியே ஓய்வு பெற்றவர் அவர். வாசலில் வண்டி நடுங்க, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒரு விரலை உயர்த்தினார்.

"கொஞ்சம் ரேஸ் பண்ணும்மா... விடு... கேட்டுதா?"

"எது சித்தப்பா?"

"அதான்!"

எது என்று இந்த இனம் சொல்லாது. சொன்னால் மற்றவர்களுக்கும் கேட்டுவிடுமே.

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "பிளக்குதான் சார். எனக்கு மேலயே கேட்டுடுச்சு."

"பிளக்குன்னா டப் டப்னு வரும். இது டுப் டுப்."

கழுத்தில் இஞ்ச் டேப்போடு எதிர்க்கடைத் தையல்காரரும் சேர்ந்துகொண்டார். "பெட்ரோல்ல தண்ணிங்க. மச்சான் வண்டிக்கு இப்படித்தான்." மூன்று தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. பிறகு மச்சானின் வண்டி வந்தது, அந்த வண்டியில் போன கல்யாணம் வந்தது, கல்யாணத்தில் வந்த சண்டை வந்தது. மணி பத்தேகால்.

"ஒரு சத்தம் வருது சித்தப்பா, புஸ்ஸுனு..."

"உஷ்! கேக்க விடும்மா."

கடைசியில் சித்தப்பா மாடி வீட்டு ஸ்குரூ டிரைவரை வரவழைத்து, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐட்லிங் திருகை முடுக்கச் சொன்னார். யாரை? அவளைத்தான். எஞ்சின் கத்தியது, நடுக்கம் கூச்சலுக்குள் ஒளிந்துகொண்டது. மூவர் முகத்திலும் குழந்தை பிறந்த மகிழ்ச்சி. அவள் ஏறி கிளட்சை விட்டாள். வண்டி ஒரு தாவு தாவி, வாசல் பூந்தொட்டியை மோதி உடைத்துவிட்டு நின்றது.

"பவர் வந்துடுச்சு பாத்தியா!" என்றார் சித்தப்பா.

"இந்தப் பவரோட போனா ஆஃபீசர் மேலதான் ஏத்துவேன்."

இறங்கி, திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி, வண்டியை மறுபடி ஓடவிட்டாள். நடுக்கம் திரும்பி வந்தது. தினமும் ஆக்ஸிஜன் டியூபில் கசிவு தேடும் விரல்கள் அவளுடையவை. மூன்று காதுக்காரர்களையும் முழங்கையால் விலக்கிக்கொண்டு குனிந்து, எஞ்சினுக்குள் போகும் ரப்பர் டியூபின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு வளைவில், முடி அளவு விரிசல். கள்ளத்தனமாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. விரலால் பொத்தினாள்.

எஞ்சின் தூங்கும் குழந்தைபோல் ஆனது. விரலை எடுத்தாள், நடுங்கியது. வைத்தாள், நடுக்கம் அடங்கியது.

கைப்பையிலிருந்து மருந்துப் பிளாஸ்டரை எடுத்து, கட்டுப்போடுவதுபோல மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினாள். சாய்ந்திருந்த மூன்று தலைகளும் நேராக நிமிர்ந்தன. எவ்வளவு நேரம்? ஐந்து விநாடி இருக்கும்.

"மூச்சு விடச் சிரமப்படுதுன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார் சித்தப்பா.

"சொன்னீங்க, சொன்னீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கிளம்பினாள். தொட்டிச் சில்லுகளைக் காலால் தள்ளி வழிவிட்டார் தையல்காரர்.

மேட்டில் வண்டி அணையவில்லை. தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி நின்றது, கிளம்பியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். போட்ட பேனாவை மூடாமலே, பானெட் பக்கம் காதைத் திருப்பி, "எல்லாம் சரிம்மா, டைமிங்தான் லேசா பாக்கணும்" என்றார்.

எங்குதான் இல்லை இவர்கள்! நல்லவேளை, நீங்கள் அப்படியில்லை. ஆனால் அவள் பிளாஸ்டர் சுற்றிய இடத்தைப் படித்தபோது, 'எஞ்சின் சூட்டுக்கு அது எங்கே தாங்கப்போகிறது' என்று உங்கள் உதடு லேசாக அசைந்ததே, அது என்ன? புது டியூபை மறுநாளே மாட்டிவிட்டாள். நீங்கள் தயவுசெய்து பானெட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.