பெண் பார்க்கும் இடத்தில் துப்பாக்கிச் சூடு

அபிராமபுரம்,
15-5-1995

சிரஞ்சீவி கிரீஷுக்கு அத்திம்பேரின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

நேற்று நீரஜாவைப் பெண் பார்க்க தி.நகர் ஆடிட்டர் குடும்பத்தோடு வந்தார். இதுவரை வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்ற உன் அக்கா பெண், போட்டோவைப் பார்த்துத் தானே சரி என்ற முதல் வரன், இந்த ஆடிட்டர் பிள்ளை சுதர்சன்தான். அந்த நாளிலா உன் அமெரிக்க மகிமை வெளிப்பட வேண்டும்? "என் தம்பி அனுப்பினது, நாலு பேர் பார்க்கட்டுமே" என்று உன் அக்கா பங்கஜம் அந்த எட்டுப் பட்டை வளையத்தை ஹால் நடுவில் விரித்து வைத்தாள். அதற்குள் நின்று கைகாலை ஆட்டினால் டி.வி.யில் இருப்பவனும் ஆட்டுவான் என்று எழுதியிருந்தாயே! ஆடிட்டர் அதைச் சுற்றி வந்து, "என்ன ஓய், ஹோமம் ஏதாவது பண்ணப் போறேளா?" என்றார். நான் இந்தக் கனத்த சரீரத்தோடு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உதைத்தேன், குத்தினேன். டி.வி.க்காரன் அசையவே இல்லை. கடைசியில் சுதர்சன் குனிந்து பார்த்தான். புதுச் சாமான் ஆயிற்றே என்று உன் அக்கா, பட்டைக்கு ஒன்றாக மேலே பார்க்கும் எட்டுக் கண்ணிலும் சந்தனம் குங்குமம் அப்பியிருந்தாள். பொட்டு வைத்தால் குருடாகிற இயந்திரத்தைச் செய்தவர்களை எந்த மகானுபாவன் படிக்க வைத்தான்?

சுதர்சன் கைக்குட்டையால் துடைத்தான். உடனே, உள்ளே ஒருவரும் இல்லாமலே டி.வி.க்காரன் பேய் பிடித்தவன் போல உதைக்க ஆரம்பித்தான். "மாமா, மேல ஃபேன் சுத்தறதோன்னோ, அதைத்தான் கைகால்னு நெனைச்சுண்டிருக்கு" என்றான் பையன். ஃபேனை நிறுத்தினோம். அக்னி நட்சத்திரத்தில், ஹால் நிறைய ஜனத்தோடு! ஆடிட்டரின் விபூதி கரைந்து மூக்கில் வழிந்தது. "சரி, பொண்ணைப் பாடச் சொல்லுங்கோ" என்றார். அதே பெட்டியில் வந்த, சத்தம் கேட்டால் டி.வி.யில் சுடும் உன் மைக் சோபாவில் அவள் பக்கத்திலேயே கிடந்ததை யார் கவனித்தார்கள்? குழந்தை ஆலாபனையை ஆரம்பித்ததும் டுமீல்! அவள் கமகத்துக்கு ஒரு குண்டு, பிருகாவுக்குப் பத்து. பல்லவி முடிவதற்குள் டி.வி.யில் ஒரு பட்டாளமே காலி. சுதர்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நீரஜாவும் பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தாள். ஆடிட்டர் எழுந்துவிட்டார். "சங்கீதத்தைக் கேலிக்கூத்தாக்கற ஆத்துல சம்பந்தம் வேண்டாம்" என்று காபியைக்கூடத் தொடாமல் பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டதடா. பஜ்ஜியை யார் தின்பது?

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் அமெரிக்கா வருகிறார். பெட்டி அவரோடு வருகிறது. வாங்கிய கடையிலேயே அதை அவர்கள் மூஞ்சியில் வீசி எறி. உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் கபாலீஸ்வரர் நல்ல புத்தியும் தீர்க்காயுசும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மனமொடிந்த அத்திம்பேர்
வெங்கடரமணன்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது ஆடிட்டர் டெலிபோன் செய்தார். சுதர்சன் ராத்திரி சாப்பிடவில்லையாம், இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதமாம். நீரஜாவைக் கேட்டேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். ஆவணியில் முகூர்த்தம். பெட்டி இனி எங்கேயும் வராது, இங்கேயே இருக்கும். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டிய தாய்மாமன் நீதான். நீரஜாவுக்கு என் உடம்புவாகு. நீயும் அதே மாதிரி ஒரு பெட்டி வாங்கி இன்றைக்கே உள்ளே இறங்கிப் பழகு.