கையளிப்பு ஐயா தேநீருக்குப் போனால்

அதிகாரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் இந்தத் தீவில் வேறு ஒருவர் இருக்க முடியாது. கண்டியில் வெளிநாட்டுப் பொதிகளைச் சோதிக்கும் எங்கள் சுங்கக் கிளைக்கு அவர்தான் பொறுப்பு. நாங்கள் வைத்த பெயர் கையளிப்பு ஐயா.

தேநீருக்குப் போவதென்றாலும் தன் இருக்கையைக் காட்டி என்னை எழும்பி நிற்கச் சொல்வார். "நான் வர்ற வரைக்கும் கதிரை உங்க பொறுப்பு. பொதியத் திறக்கலாம், விடுவிக்க முடியாது" என்பார். திரும்பி வந்ததும் மறுபடியும் நிற்க வைத்து அதிகாரத்தை மீட்டுக்கொள்வார். கழிவறைக்கும் இதே சடங்குதான். அவருக்கு வயிறு சரியில்லாத நாளில் என் முழங்கால் கழன்றுவிடும். சட்டம் மேலிடத்துக்குக் கொடுத்த அதிகாரம் தன்னிடம் இரவலாக இருக்கிறது என்பது அவர் கொள்கை. எனக்கோ அலுத்துப் போயிருந்தது.

ஒருநாள் காலை கலகெதரயிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனுக்கு வலிப்பு. கட்டாரிலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய மருந்து எங்கள் மேசையில் கிடந்தது. மருந்தை விடுவிக்கும் அதிகாரம் கொழும்பிலுள்ள மேலதிகாரிக்கு மட்டும்தான். தொலைபேசியில் கேட்டால், நாள் முழுக்கக் கூட்டமாம்.

"கையில இருக்கிற மருந்து இன்னைக்கோட முடியிது சேர்" என்றார் அந்தத் தாய்.

கையெழுத்துப் போட்டு விடுங்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்றேன் ஐயாவிடம்.

"கேக்க ஆளில்லாட்டி அதிகாரம் வந்துருமா?" என்றார் ஐயா. மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அவர் குடையை எடுத்தார். நான் பழக்கதோஷத்தில் எழும்பினேன்.

"பொதியத் தொட வேணாம். அந்தம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுங்க. அதுக்கு யாரோட அதிகாரமும் தேவையில்ல."

கொழும்பு பஸ் பிடித்துப் போய், கூட்டம் நடந்த அறை வாசலிலேயே நின்று அனுமதி வாங்கி, பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் இருக்க இடமில்லையாம். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. வந்ததும் முதலில் என்னை நிற்க வைத்து அதிகாரத்தைத் திருப்பி வாங்கினார். பிறகுதான் பொதியைக் கொடுத்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தத் தாய் அழுதார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது ஓய்வு பெற்று அம்பிட்டியவில் இருக்கிறார். அந்தக் கதிரைக்கு இன்னும் ஆள் போடவில்லை. நான் தேநீருக்குப் போகும்போது ஒரு கணம் அதன் முன்னால் நின்று, "வர்ற வரைக்கும் பாத்துக்கங்க ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.