நிரந்தரமா, தற்காலிகமா?

காலை பதினொன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: அண்ணன் போய்விட்டான். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த நானும் அண்ணியும் பதறிப்போய்க் கதவைத் திறந்தால், எதிரே நிற்கிறார் மதிப்பீட்டாளர்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மனிதனைக் கண்டால் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்காமல் "எத்தனை இருக்கிறீர்கள்?" என்று கேட்பவர். கழுத்தில் அட்டை, கக்கத்தில் படிவம். நடப்பது, குளிப்பது, உண்பது, ஊரோடு உறவாடுவது என்று வாழ்க்கையை நூற்றுச் சொச்சம் வரிகளாக நறுக்கி, சிரமமே இல்லையென்றால் பூஜ்யம், அறவே முடியாதென்றால் நான்கு என்று ஒவ்வொன்றுக்கும் போட்டு, கூட்டிப் பார்த்து, சக்கர நாற்காலிக்கு நீங்கள் தகுதியா என்று சொல்லிவிடுவார். கெட்டவரா? சேச்சே! செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வருகிற மனிதர்.

பக்கவாதத்தில் அண்ணனுக்கு இடப்பக்கம் விழுந்து எட்டு மாதம். யார் தயவும் இல்லாமல் தெருமுனை வரை போய்வர வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். முதல் தடவை வந்தபோது மதிப்பீட்டாளர் கேட்டார்:

"குளிக்கிறாரா?"

"நான்தான் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டுறேன்," என்றார் அண்ணி.

"தினமுமா?"

"தினமும்."

"அப்ப சிரமமில்ல. பூஜ்யம். மாடி ஏறுவாரா?"

"எங்க வீட்டுல மாடியே இல்லியே சார்."

"ஏறுறதுக்குத் தடையே இல்ல. பூஜ்யம்."

அண்ணியைச் 'சுற்றுச்சூழல் வசதிகள்' என்ற வரியில் எழுதி, முழு உதவி என்பதற்காகக் கூட்டல் குறியோடு நான்கு போட்டார். படிவத்திலேயே அதிக மதிப்பெண் அண்ணிக்குத்தான்.

"டேய், இவ இடுப்பு எப்ப ஒடியும்னு கேட்டுச் சொல்லுடா. அப்பதான் எனக்கு வண்டி," என்றான் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. 'பேச்சு: பூஜ்யம்' என்று குறித்துக்கொண்டார்.

இன்று மறுமதிப்பீடாம். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? அது தன்பாட்டுக்குப் பேனாவை எடுத்தது. நடப்பது நான்கு. குளிப்பது நான்கு. ஊரோடு உறவாடுவது நான்கு.

"தகுதி வந்துருச்சு சார்," என்றார். "ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. இந்த நிலை நிரந்தரமா, தற்காலிகமா?"

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணி நிமிரவில்லை. "நிரந்தரம்னே போட்டுக்குங்க சார்."

போட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உறவினர் வீட்டுக்குப் போன் செய்து, "சாப்பிடுறாரா? தூங்குறாரா? அப்புறமென்ன!" என்று இரண்டே கேள்வியில் பூஜ்யம் போட்டுவிட்டு, மனநிறைவோடு போனை வைத்தவர் யார்? கழுத்தில் அட்டை இல்லாததால் நீங்கள் தப்பித்தீர்கள். நானும்தான்.

வாசலில் மூன்று படிகள். அவற்றின் மேல் போட ஒரு சரிவுப் பலகை அறுத்துத் தருவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தேன். பாதிவரை அறுத்திருக்கிறேன். ரம்பம் இன்னும் அதில்தான் நிற்கிறது.