ஒருமனதாக ஏற்றிய விளக்கு

அரசு அலுவலர் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் தூக்கம். நகராட்சிப் பொதுப்பிரிவுக் கண்காணிப்பாளருக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. அவருடைய குறையெல்லாம், அந்தத் தூக்கம் அலுவலக நேரத்தில் மட்டுமே வந்து தொலைக்கிறதே என்பதுதான். வாரக் கூட்டத்தில் ஆணையர் "ஆகவே" என்று ஆரம்பித்தால் போதும், இவருக்குக் கண் சொருகிவிடும். வீட்டில் மெத்தையில் படுத்தாலோ பொட்டுத் தூக்கம் கிடையாது. அவரைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. கூட்டத்தில் தூங்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இதை எழுதுகிறவனின் கையும் மடியில்தான் கிடக்கும்.

ஒருநாள் காலை மனைவியை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் ஒரு கணம் அசந்துவிட்டார். வண்டி நேராகப் போய் ஒரு மருந்துக்கடைப் படியில் ஏறி நின்றது. கடைக்காரர் நிதானமாக, "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். மனைவி முழங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே இறங்கினார்.

"இன்னைக்குப் படி. நாளைக்கு லாரியா இருந்தா? நீங்க ஒழுங்காத் தூங்குற வரைக்கும் நான் உங்க பின்னாடி உட்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து பின்னால் உட்கார்ந்து "இடது பக்கம், மெதுவா, நாய்" என்று வண்டி ஓட்டி வந்தவர் அவர்தான். கைப்பிடியை மட்டும் இவர் பிடித்திருந்தார். பின்சீட்டுக் காலியானதும் கண்காணிப்பாளருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

மாத்திரை தருவார்கள் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர்களோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஓர் அம்மாளிடம் அனுப்பினார்கள். ஒரு மனுஷன் எழுவது, குளிப்பது, உழைப்பது, படுப்பது என்று நாள் முழுக்க எதை எப்படிச் செய்கிறான் என்று பார்த்து, அதிலுள்ள கோணலை நிமிர்த்துவது அந்த அம்மாளின் தொழில். "வீட்டையும் பார்க்கணும்" என்று மறுநாள் பொழுது சாய்ந்ததுமே வந்துவிட்டார்.

"கட்டில்ல எதுக்கு சார் ஃபைல்?"

"படுத்துக்கிட்டே பார்ப்பேன்."

"பிஸ்கட் டப்பா?"

"ஃபைல் பார்த்தாப் பசிக்கும்."

"தலைகாணிக்குக் கீழ ரப்பர் ஸ்டாம்பு?"

"திடீர்னு ஒரு முடிவு தோணினா?"

"அப்போ தூங்குறது எங்கே?"

"ஆபீஸ்ல" என்றார் மனைவி, வாசலில் நின்றபடி.

தெரபிஸ்ட் அம்மா சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கட்டில் ஆபீசாயிடுச்சு, ஆபீஸ் கட்டிலாயிடுச்சு. ரெண்டையும் இடம் மாத்தணும்."

இடம் மாற்றம் என்றதுமே கண்காணிப்பாளர், "எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாளோ வேலைகளைத்தான் மாற்றினார். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து வெயிலில் ஒரு நடை. சாயங்காலம் துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது என்று கைக்கு வேலை. கட்டில் தூங்குவதற்கு மட்டும். கூட்டத்தில் மறந்தும் கண்ணை மூடக்கூடாது. கடைசியாக ஜன்னலைத் திறந்தவர், பட்டென்று சாத்தினார்.

"இது என்ன சார், விளக்கா சூரியனா?"

நகராட்சி நட்ட உயரமான விளக்கு அது. பொழுது சாய்ந்தால் அதன் வெளிச்சம் நேரே இவர் தலையணையில் வந்து விழும்.

"கனமா ஒரு திரை போடுங்க, போதும்."

"எங்க அக்கா கொடுத்தது பீரோவுலயே கிடக்கு. இப்பவே மாட்டிடலாம்" என்று மனைவி கிளம்பினார்.

"நில்லு" என்றார் கண்காணிப்பாளர். "நகராட்சி அலுவலன் வீட்டுலயே நகராட்சி விளக்குக்குத் திரை போட்டா ஊர் சிரிக்காதா? விளக்கை முறைப்படி அகற்றுவேன்."

"எவ்வளவு நாளாகும் சார்?"

"முறைன்னா நாளாகும்."

மறுநாள் பொறியாளரைப் பிடித்தார். "அந்த விளக்கை அங்க நடச் சொன்ன முட்டாள் யாருய்யா?"

பொறியாளர் தயங்கினார். "கூட்டத்துல ஒருமனதா முடிவானது சார். முதல்ல ஆடினது உங்க தலைதான்."

அந்த அலுவலகத்தில் தொன்றுதொட்டு ஒரு வழக்கம் உண்டு. ஆணையர் பேசி முடித்ததும் எழுத்தர் எழுந்து தலைகளை எண்ணுவார். ஆடிய தலை சம்மதம். அது எதற்காக ஆடியது என்று கேட்பது மரியாதையில்லை.

"அது தூக்கத்துல விழுந்த தலைய்யா!"

"எல்லாத் தலையும் அப்படித்தான் சார். அதையெல்லாம் நோண்ட ஆரம்பிச்சா ஊர்ல ஒரு காரியம் நடக்குமா?"

விளக்கை அகற்றக் கோரி மனு கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கண்காணிப்பாளர் வெயிலில் நடந்து, முகம் கழுவி, கண்ணை அகல விரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சர்வீசில் சேர்ந்த பிறகு ஒரு கூட்டத்தை முழுசாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. "விளக்கின் ஒளி மிகுதி என்று அன்பர் ஒருவர் முறையிட்டுள்ளார். ஆகவே" என்றார் ஆணையர். வரிசையாகத் தலைகள் சாய ஆரம்பித்தன.

பொறியாளர் எழுந்தார். "நேர்ல ஆய்வு செய்யப் போனோம் ஐயா. வெளிச்சத்துல கண்ணு கூசி விளக்கே தெரியல. எதிர்ல இன்னொரு விளக்கு போட்டா, இந்த விளக்கை நல்லாப் பார்த்து ஆய்வு செய்யலாம்."

தலைகள் ஆடின. எழுத்தர் எண்ண எழுந்தார்.

"கூடாது! கூடவே கூடாது! வேண்டவே வேண்டாம்!" என்று கண்காணிப்பாளர் துள்ளி எழுந்து, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி ஆட்டி எதிர்த்தார்.

எழுத்தர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "மத்தவங்களை விட நல்லாவே ஆடுது" என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது விளக்கும் வந்தது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான். மனைவி பீரோவைத் திறந்து திரையை எடுத்து மாட்டினார். அன்று கட்டிலில் ஃபைல் இல்லை, ஸ்டாம்பு இல்லை, வெளிச்சமும் இல்லை. படுத்தவர் காலையில்தான் எழுந்தார். சில நாளில் மனைவியும் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு, "இடது பக்கம்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் கண்காணிப்பாளர் வலது பக்கம் திரும்பிவிட்டார்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நல்ல தூக்கம் வந்த மனுஷனுக்குப் பகலில் விழிப்பும் வந்துவிடுகிறதே, அதுதான் வம்பு. கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்டார். கழிவறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பக்கத்து ஊரில் வைப்பானேன் என்றார். குடிநீர்க் குழாய்க்குத் திறப்பு விழா நடத்தினோமே, அதில் தண்ணீர் வருமா என்றார். அவர் குரல் கேட்டுப் பாதித் தூக்கத்தில் எழுந்த சக அலுவலர்கள், கண்கள் சிவந்து, சிடுசிடுவென்று ஆனார்கள். "ஒரு ஆள் தூங்கறதுக்காக நாங்க எல்லாரும் முழிச்சிருக்கணுமா?" என்று ஆணையரிடமே முறையிட்டார்கள். ஆணையரும் கொட்டாவியை அடக்கியபடி, ஆவன செய்வதாக வாக்களித்தார்.

அடுத்த கூட்டத்தில் ஆணையர் தேன் ஒழுகப் பேசினார். "நமது கண்காணிப்பாளரின் விழிப்புணர்வு போற்றுதற்குரியது. அவரைப் போன்ற கடமை வீரரை இந்த நகராட்சி கண்டதில்லை. இத்தகைய விழிப்பு வெறும் பகலில் வீணாகலாமா? ஆகவே..."

அந்த அலுவலகத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. கண்காணிப்பாளருக்கு உச்சி குளிர்ந்தது. தன்னடக்கத்தோடு புன்னகை செய்து, தலையை மெல்ல, அழகாக ஆட்டினார்.

எழுத்தர் எண்ணிக்கொண்டார்.

"ஆகவே"க்குப் பிறகு வந்தது இதுதான்: ஜன்னலோர விளக்குகள் இரண்டும் விடிய விடிய எரிகின்றனவா என்று நேரில் நின்று பார்க்கும் இரவுப் பணி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒருமனதாக. அன்றிலிருந்து அவர் விளக்கடியில் நிற்கிறார். திரைக்குப் பின்னால் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறார். காலையில் ஆபீசுக்கு ஸ்கூட்டர் போவதில்லை. பின்சீட்டு மறுபடியும் காலி.

தெரபிஸ்ட் அம்மாவிடம் போய்ப் புலம்பினார். "நீங்க சொன்னபடி முழிச்சுத்தான் மேடம் இருந்தேன். முழிச்சிருந்தும் என் தலை எப்படி ஆடுச்சு?"

"தூக்கத்துக்குத்தான் சார் என்கிட்ட வைத்தியம் இருக்கு" என்றார் அந்த அம்மா.

எவ்வளவு சரியான பேச்சு என்று கண்காணிப்பாளர் தலையாட்டினார். இப்போது நீங்கள் ஆட்டினீர்களே, அதே மாதிரி.